கொம்பிலிருந்து கம்பிக்கு

1948 நவம்பர் 25 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கேஆர்எஸ்சி என்ற தொலைக்காட்சி நிலையம் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. அங்கிருந்து தென்மேற்கே சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, கொலம்பியா ஆறு கடலில் கலக்கும் இடத்தில், அஸ்டோரியா என்று ஒரு சிறு துறைமுக ஊர். நடுவில் மலைகள். கணக்குப்படி பார்த்தால் சியாட்டில் சிக்னல் அந்த ஊரை எட்டவே கூடாது. ஆனால் உள்ளூரில் வானொலி நிலையம் நடத்திவந்த எட் பார்சன்ஸின் மனைவி கிரேஸ், முந்தைய ஆண்டு சிகாகோவில் ஒரு மாநாட்டில் டிவியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். வீட்டிலும் பார்த்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

பார்சன்ஸ் சிக்னலின் வலுவை அளக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார். மலை முகடுகளில் பட்டு வளைந்து வரும் அலை எல்லா இடத்திலும் இறங்கவில்லை. விரல் விரலாகப் பிரிந்து அங்கங்கே மட்டும் விழுந்தது. அப்படி ஒரு விரல் அவர் குடியிருந்த வீட்டுக்கு எதிரே, ஒரு ஹோட்டலின் மொட்டைமாடியில் தொட்டது. மாடியில் ஆண்டெனா நட்டு, அங்கிருந்து தெருவைத் தாண்டி ஒரு கோஆக்சியல் கேபிளை இழுத்துவந்து வீட்டு டிவியில் சொருகினார். படம் வந்தது, கூடவே ஊரும் வந்தது. வரவேற்பறையில் கூட்டம் தாங்காமல் அதே கேபிளை ஹோட்டல் முகப்புக்கும், ஓர் இசைக்கருவிக் கடைக்கும் நீட்டினார். பிறகு வீடு வீடாக.

கேபிள் டிவியின் பிறப்புக்கு உரிமை கொண்டாடும் ஊர்களில் அஸ்டோரியா ஒன்று. பென்சில்வேனியாவின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் மஹனாய் சிட்டியின் ஜான் வால்சன், லான்ஸ்ஃபோர்டின் ராபர்ட் டார்ல்டன் என்று வேறு பெயர்களும் உண்டு. யார் முந்தி என்ற வழக்கை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும். நமக்கு வேண்டியது, எல்லாரும் செய்தது ஒரே வேலை என்பதுதான்: மேட்டில் காற்றிலிருந்து பிடித்ததைக் கம்பி வழியாகப் பள்ளத்துக்கு இறக்கினார்கள். கேபிள் என்பது அன்று ரொம்ப நீளமான ஓர் ஆண்டெனா வயர், அவ்வளவுதான். காற்றுவழி ஒளிபரப்புக்கு அது போட்டி என்று யாருக்கும் தோன்றவில்லை.

இத்தனை பாடு எதற்கு, பக்கத்திலேயே இன்னொரு நிலையம் வரக்கூடாதா என்றால், வரக்கூடாது என்று அரசே சொல்லியிருந்தது. 1948 செப்டம்பர் 30 அன்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, புதிய டிவி நிலையங்களுக்கு உரிமம் தருவதை நிறுத்திவைத்தது. சில மாதங்களுக்கு என்று சொல்லிப் போட்ட தடை 1952 ஏப்ரல் வரை நீண்டது. காரணம் இட நெருக்கடி. ஒரே சேனலில் இயங்கும் நிலையங்களைக் கிட்டக் கிட்ட அனுமதித்துவிட்டார்கள். ஒன்றின் படத்துக்குள் மற்றொன்றின் படம் புகுந்து குட்டையைக் குழப்பியது.

காற்றில் இடமா என்று கேட்கலாம். பேச்சையும் பாட்டையும் கொண்டுபோகும் மீடியம்வேவ் வானொலிக்கு ஒரு நிலையத்துக்கு 9 கிலோஹெர்ட்ஸ் போதும். அசையும் படம் அப்படியில்லை. 625 கோடுகள், நொடிக்கு 25 முறை, ஒவ்வொரு கோட்டிலும் நூற்றுக்கணக்கான வெளிச்ச மாற்றங்கள். இதையெல்லாம் அனலாக் முறையில் அனுப்ப, நம் நாட்டில் ஒரு சேனலுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கினார்கள். உயர் அலைவரிசைகளில் 8. வானொலியின் மீடியம்வேவ் பட்டை முழுவதையும் ஒரே ஒரு டிவி சேனலுக்குள் ஆறு முறை வைக்கலாம். அத்தனை அகலமான இடத்தை ஒரு கோபுரம் எடுத்துக்கொண்டால், சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் அதைத் தொட முடியாது. அமெரிக்காவில் தடை நீங்கியபோது, நெருக்கமான வடகிழக்கு மாநிலங்களிலேயே ஒரே சேனலுக்கு இடையில் 170 மைல் வேண்டும் என்று விதித்தார்கள். சுமார் 270 கிலோமீட்டர். நம் வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், சென்னையில் ஒரு சேனல் ஓடும்போது திருச்சிக்குச் சற்று முன்புவரை அதே சேனல் யாருக்கும் கிடையாது.

இந்த எல்லைகளை இயற்கை எப்போதும் மதிப்பதில்லை என்பது தென்மாவட்டக் கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும். 1982இல் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியபோது அதன் முதன்மைக் கோபுரம் பிதுருதலாகல மலை உச்சியில் நின்றது, 2,524 மீட்டர். இந்த அலைவரிசைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். கோபுரத்திலிருந்து எவ்வளவு தூரம் தெரியும் என்பதற்கு எளிய கணக்கு: உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். பிதுருதலாகலவுக்கு 207 கிலோமீட்டர் வருகிறது. தூத்துக்குடியோ அங்கிருந்து சுமார் 350 கிலோமீட்டர். ஆனாலும் அங்கே மொட்டைமாடி ஆண்டெனாக் கொம்புகளைத் தென்கிழக்கே திருப்பி வைத்தவர்கள் கிரிக்கெட் பார்த்தார்கள். வெப்பமான காற்று குளிர்ந்த காற்றின்மேல் படிந்து நிற்கும் நேரங்களில், கடல்பரப்புக்கு மேலே அலையைக் கீழே கீழே வளைத்துக் கொண்டுபோகும் ஒரு குழாய்ப்பாதை உருவாகும். அதில் ஏறி வந்த படம் அது. காற்று கலைந்தால் படமும் போய்விடும். அப்போது மாடியில் ஒருவர் கொம்பைத் திருப்ப, கீழேயிருந்து இன்னொருவர் ‘வருது, வருது… போச்சு’ என்று கத்த வேண்டும். நம் பக்கம் ராமேஸ்வரத்தில் 323 மீட்டரில் ஒரு தொலைக்காட்சிக் கோபுரம் எழுந்தது. நாட்டின் மிக உயரமான கோபுரம் என்ற பெயர் அதற்கு. அதே கணக்கைப் போட்டால் அதன் அடிவானம் 74 கிலோமீட்டர்தான். மனிதன் கட்டியதை மலை எப்போதும் ஜெயித்துவிடுகிறது.

பிறகு நம் தெருவுக்கும் கம்பி வந்தது. 1991இல் வளைகுடாப் போரைச் செயற்கைக்கோள் வழியாகப் பார்க்க டிஷ் வைத்தவர்கள், போர் முடிந்தபின் அதைக் கழற்றவில்லை. ஸ்டார் வந்தது; 1993 ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி வந்தது. எட் பார்சன்ஸ் செய்ததையே நம் தெருக் கேபிள்காரரும் செய்தார். அவர் மேட்டில் பிடித்தார், இவர் டிஷ்ஷில் பிடித்தார். இரண்டு மூன்று சேனலுக்கு மேல் காற்றில் பார்த்திராத வீட்டில் திடீரென்று முப்பது, நாற்பது.

அந்த நாற்பதுக்கு இடம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கம்பியின் ரகசியம். கோஆக்சியல் கேபிளின் நடுவில் ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளை நுரைப் பிளாஸ்டிக், அதன்மேல் பின்னல் வலை. அந்த வலை ஒரு வேலி. உள்ளே போகும் அலை வெளியே வராது, வெளியே திரியும் அலை உள்ளே போகாது. ஆகவே காற்றில் விமானங்களுக்கும் காவல்துறைக்கும் எஃப்எம் வானொலிக்கும் பிரித்துக் கொடுத்துவிட்ட அதே அலைவரிசைகளை, கம்பிக்குள் மறுபடி முதலிலிருந்து டிவிக்குப் பயன்படுத்தலாம். பக்கத்துத் தெருவில் இன்னொரு கேபிள்காரர் அதே அலைவரிசைகளில் வேறு படங்களை ஓட்டலாம். 270 கிலோமீட்டர் விலகி நிற்க வேண்டியதில்லை, 27 மில்லிமீட்டர் விலகினாலே போதும். காற்று ஒன்றுதான் இருக்கிறது. கம்பியை எத்தனை வேண்டுமானாலும் இழுக்கலாம்.

வேலி எப்போதும் முழுசாக இருப்பதில்லை என்பது வேறு விஷயம். முறையாகப் பொருத்தாத எஃப் கனெக்டர், எலி கடித்த இடம், கையால் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு எல்லாமே ஓட்டைகள். கேபிளில் சில சேனல்கள் போகும் அலைவரிசைகளில்தான் வெளியே விமானிகள் கட்டுப்பாட்டு அறையோடு பேசுகிறார்கள். அதனால் அமெரிக்காவில் கேபிள் நிறுவனங்கள் தங்கள் வயரிலிருந்து கசியும் அலையை அளந்து சரிசெய்தே ஆகவேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

கம்பிக்குப் பெரிய குறை, சிக்னலைத் தின்றுவிடும். வீட்டுக்குள் வரும் சாதாரண கோஆக்சியலில் 55 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் 100 மீட்டர் ஓடினால் 5 டெசிபல் குறையும். மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். அதே வயரில் 860 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் 20 டெசிபல் குறையும்; நூற்றில் ஒரு பங்குதான் மிச்சம். அலைவரிசை கூடக்கூட மின்னோட்டம் செம்பின் உட்புறத்தை விட்டுவிட்டு மேல்தோலில் மட்டும் ஓடத் தொடங்குவதே முக்கியக் காரணம். வழியெங்கும் ஆம்ப்ளிஃபையர் வைத்துத் தூக்கிவிட வேண்டும், அதுவும் மேல் சேனல்களைக் கூடுதலாக. ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையரும் படத்தோடு கொஞ்சம் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். தெருக்கோடி வீட்டில் முதல் பத்து சேனல் தெளிவாகவும் கடைசிப் பத்து புள்ளி புள்ளியாகவும் தெரிந்ததற்கு இதுதான் விஞ்ஞானம். கேபிள்காரரின் ஓரவஞ்சனை இல்லை. வழியில் ஏதோ ஒரு வீட்டிலிருந்துதான் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபையருக்குக் கரண்ட் எடுத்திருப்பார்கள். பதிலுக்கு அந்த வீட்டுக்குக் கேபிள் காசு கிடையாது. அந்த வீட்டில் ஃபியூஸ் போனால் அதற்கப்பால் தெரு முழுக்கப் படம் போகும்.

இந்தக் குறையைத் தீர்த்தது கண்ணாடி. 1966இல் சார்லஸ் காவ், கண்ணாடியிலுள்ள மாசுகளை நீக்கினால் ஒளியை நெடுந்தூரம் அனுப்பலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1970இல் கார்னிங் நிறுவனம் கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்கும் குறைவாக இழக்கும் இழையைச் செய்தது. இன்றைய இழையில் இழப்பு கிலோமீட்டருக்கு சுமார் 0.2 டெசிபல். கோஆக்சியல் 100 மீட்டரில் தின்பதை ஃபைபர் 100 கிலோமீட்டரில்தான் தின்கிறது. இடவசதியையும் பாருங்கள். டிவிக்கென்று பல நாடுகள் ஒதுக்கிய உயர் அலைவரிசைப் பட்டையின் மொத்த அகலம் 392 மெகாஹெர்ட்ஸ். முடி கனத்துக் கண்ணாடி இழையில், 1,530 முதல் 1,565 நானோமீட்டர் வரையான ஒரே ஒரு ஒளிப்பட்டையின் அகலம் ஏறத்தாழ 44 லட்சம் மெகாஹெர்ட்ஸ். பதினோராயிரம் மடங்கு. இழை ஒன்றுக்கு இது. ஒரு கேபிளுக்குள் நூற்றுக்கணக்கான இழைகளை அடுக்கலாம்.

இந்தக் கணக்கைப் பார்த்துதான் எம்ஐடி மீடியா லேபை நிறுவிய நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 1980களில் ஒன்றைச் சொன்னார். டிவிப் பெட்டி நகராமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதற்குக் காற்றில் அனுப்புகிறோம். மனிதன் நகர்ந்துகொண்டே இருக்கிறான், அவன் பேசும் தொலைபேசியைச் சுவரில் கட்டிவைத்திருக்கிறோம். இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். எழுத்தாளர் ஜார்ஜ் கில்டர் இதற்கு ‘நெக்ரோபோன்டே ஸ்விட்ச்’ என்று பெயரே வைத்துவிட்டார்.

மாற்றத்தை நடத்தியது தீர்க்கதரிசனமல்ல, ஏலம். டிவிக்குக் கொடுத்திருந்த 470 முதல் 800 மெகாஹெர்ட்ஸ் வரையான பகுதி செல்போனுக்கும் தங்கம். சுவரைத் துளைக்கும், நெடுந்தூரம் போகும், குறைந்த கோபுரங்களில் வேலை முடியும். 2016இல் தொடங்கி 2017இல் முடிந்த ஒரு விசித்திர ஏலத்தில் அமெரிக்க எஃப்சிசி, ‘எவ்வளவு கொடுத்தால் காலி செய்வீர்கள்?’ என்று டிவி நிலையங்களைக் கேட்டது. 175 நிலையங்கள் சுமார் 1,000 கோடி டாலர் வாங்கிக்கொண்டு இடத்தை விட்டன. காலியான 84 மெகாஹெர்ட்ஸில் ஏலம் போன 70க்கு செல்போன் நிறுவனங்களும் மற்றவர்களும் கொடுத்தது 1,980 கோடி டாலர். ஏறத்தாழ ஆயிரம் நிலையங்கள் வேறு சேனலுக்குக் குடிமாறின. இதிலெல்லாம் தொடாமல் விட்ட துண்டும் ஒன்று உண்டு: 608 முதல் 614 மெகாஹெர்ட்ஸ் வரை. அது வானொலித் தொலைநோக்கிகள் விண்மீன்களைக் கேட்பதற்காக ஒதுக்கியது. ஏலக்காரர்களுக்கும் ஒரு எல்லை இருந்ததில் எனக்குச் சின்ன சந்தோஷம்.

சுவிட்சர்லாந்து இன்னும் துணிந்தது. மலையும் பள்ளத்தாக்குமான நாடு; அஸ்டோரியாவின் அதே காரணத்தால் கேபிள் அங்கே முன்பே வேரூன்றிவிட்டது. கொம்பை நம்பியிருந்த வீடுகள் நூற்றுக்கு இரண்டுகூடத் தேறவில்லை. 2019 ஜூன் 3 அன்று பொது ஒளிபரப்பு நிறுவனம் தரைவழி டிவியை நிறுத்தியது. பிரிட்டன் தயங்குகிறது. அங்கே தரைவழி ஒளிபரப்புக்கான உரிமங்கள் 2034 வரை இருக்கின்றன. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றிவிடலாமா, ஓரிரு சேனல்களையாவது கோபுரத்தில் விட்டுவைக்கலாமா என்று 2024இல் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் வழிகளை அடுக்கிக் காட்டியது. பிராட்பேண்ட் இல்லாத முதியவர்களை என்ன செய்வது என்பதே அவர்களின் தலைவலி.

நம் நாட்டில் விவாதமே நடக்கவில்லை. பாதுகாப்பு முக்கியத்துவமுள்ள ஐம்பது இடங்கள் போக, தூர்தர்ஷனின் அனலாக் கோபுரங்கள் 2022க்குள் சத்தமில்லாமல் அணைக்கப்பட்டன. வீடுகளில் கேபிளும் டிஷ்ஷும் வந்து வெகுநாளாகிவிட்டதால் யாரும் தேடவில்லை. டிவிக்கென்று ஒதுக்கியிருந்த பட்டையின் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியை அதே ஆண்டு ஏலத்தில் ஜியோ 5ஜிக்காக எடுத்தது. ஏழைக்கு இலவசமாக இருந்த தரைவழிக்கு மாற்றாக டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது என்பது பதில். உண்மைதான், மாதக் கட்டணம் இல்லை. ஆனால் டிஷ்ஷும் பெட்டியும் வாங்க வேண்டும், மழை கொட்டும்போது படம் நிற்கும். 2018 கஜா புயலில் டெல்டா மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அவற்றில் தொங்கிய கேபிள்களும் கூடவே போயின. அந்த நாட்களில் பேட்டரியில் ஓடிய ரேடியோ மட்டும் பேசியது. கோபுரம் என்பது உடைவதற்கு ஒரே ஓர் இடம். கம்பி உடைவதற்கு ஒவ்வொரு தூணும் ஓர் இடம்.

இன்னொரு விஷயத்தை நெக்ரோபோன்டே கணக்கில் போதிய அளவு எடைபோடவில்லை என்று நினைக்கிறேன். காற்றுவழி ஒளிபரப்பு பந்திச் சாப்பாடு: ஒரே சமையல், எத்தனை இலை விழுந்தாலும் அதே பாத்திரத்திலிருந்து பரிமாறலாம். இணையவழி டிவி, ஓட்டல் ஆர்டர்: மேஜைக்கு மேஜை தனித்தனியாகச் சமைத்தாக வேண்டும். பழைய கேபிள் பந்தி முறையில்தான் ஓடியது. எல்லாச் சேனலும் எல்லா வீட்டுக்கும் போகும், நீங்கள் பிடித்ததைப் பார்ப்பீர்கள். ஃபைபரில் இணையம் வழியாக வரும்போது உங்கள் டிவி ஒரு கோரிக்கை அனுப்புகிறது, உங்களுக்கென்று ஒரு பிரதி கிளம்பி வருகிறது. பக்கத்து வீட்டுக்காரரும் அதே மேட்சைப் பார்த்தால் இன்னொரு பிரதி. சொந்த வலைப்பின்னலுக்குள் நிறுவனங்கள் ஒரு பிரதியை அனுப்பி, கடைசிச் சந்திப்பில் பிரித்துவிடும் தந்திரத்தைக் கையாள முடியும். திறந்த இணையத்தில் அது நடப்பதில்லை. பதிலாக, ஊருக்கு ஊர் சர்வர்களை வைத்து, பிரதிகள் ஓட வேண்டிய தூரத்தைக் குறைக்கிறார்கள்.

2023 நவம்பர் 19 அன்று கிரிக்கெட் உலகக்கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். ஆளுக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று சிக்கனமாக வைத்தாலும் மொத்தம் 118 டெராபிட். அதே மேட்சை ஒரு கோபுரம் 8 மெகாபிட்டில் ஒரே ஒருமுறை அனுப்பினால், அதன் எல்லைக்குள் எத்தனை பேர் பார்த்தாலும் எட்டு எட்டுதான்.

அந்த 5.9 கோடியில் கணிசமானவர்கள் கையில் இருந்தது போன். அதாவது, டிவியைக் கம்பிக்கு இறக்கிவிட்டுக் காலி செய்த காற்றில், செல்போன் கோபுரம் வழியாக, அதே டிவி திரும்பி ஏறிவிட்டது. டிவிக்கென்று வைத்திருந்த பட்டையின் 700 மெகாஹெர்ட்ஸில் இப்போதும் கிரிக்கெட் போகிறது. அன்று ஊருக்கு ஒரு பிரதி, இன்று தலைக்கு ஒன்று. இடம் மாறிய இரண்டு பேரும் ஒரே வீட்டில் வந்து நிற்கிறார்கள்.

இதைப் பார்த்துதான் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியும் ஐஐடி கான்பூரும் பெங்களூரின் சாங்க்யா லேப்ஸும் சேர்ந்து, கோபுரத்திலிருந்து நேரடியாக செல்போனுக்கே ஒளிபரப்பும் முறையைச் சோதித்திருக்கின்றன. சிம் வேண்டாம், டேட்டா வேண்டாம். எல்லாரும் ஒரே நேரத்தில் பார்க்கும் மேட்ச், தேர்தல் முடிவு, புயல் எச்சரிக்கை போன்றவற்றைப் பந்தியில் போட்டுவிட்டு, மற்றதை மட்டும் தனி ஆர்டருக்கு விடலாம் என்பது யோசனை. தூர்தர்ஷன் கையில் மிஞ்சியிருக்கும் 600 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழான பட்டையை இதற்கு எடுக்கலாம். டேட்டா விற்றுப் பிழைக்கும் நிறுவனங்களுக்கு இது ஏன் கசக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. போன் தயாரிப்பாளர்களின் முனகலில் மட்டும் கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது. 550 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 54 சென்டிமீட்டர். நன்றாகப் பிடிக்க அதில் பாதி, 27 சென்டிமீட்டர் கொம்பு வேண்டும். கால்வாசியோடு சமாளித்தாலும் பதிமூன்றரை. போனின் மொத்த நீளமே பதினாறு. அதற்குள் 4ஜி, 5ஜி, வைஃபை, புளூடூத், ஜிபிஎஸ் ஆண்டெனாக்கள் ஏற்கெனவே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கின்றன.